கூடமும் கோணலாக இருக்கலாம்

போன ஜனவரியில் பெரியப்பாவின் கொள்ளுப்பேரன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். வயது இருபத்து மூன்று. தமிழ் கொஞ்சம் தடுக்கினாலும் பாசத்துக்குக் குறைவில்லை. காலையில் காப்பி குடித்து முடித்தவன் டம்ளரை விரல் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "சின்னத் தாத்தா, நான் வாங்கப்போற ரைஃபிளோட குழலும் இதேதான், எவர்சில்வர்" என்றான்.

அங்கே அவன் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினன். ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கு அட்டையைச் சுடப் போவான். "சாதாரண இரும்புக் குழல்னா நாலு தடவை சுட்டதும் சூடேறிக் குறி தவறிடும். எவர்சில்வர் எவ்வளவு சூடானாலும் அசையாதாம்" என்றான்.

சூடு, குறி தவறுவது என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து காதில் விழுந்ததும் அவனுடைய கொள்ளுத் தாத்தா என் முன்னால் வந்து நின்றுவிட்டார். அந்தப் பையன் அவரைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன்.

பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரியில் பழைய ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் பல வருடம் இருந்து, பான்சியோனோடு ஊர் திரும்பியவர். ஜூலை 14 வந்தால் வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். போர் பற்றி எங்களிடம் பேசவே மாட்டார். "எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?" என்று நாங்கள் கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரே ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அதுவும் போர்க்கதை இல்லை, பயிற்சி முகாமில் நடந்த ஒரு குறிபார்க்கும் தேர்வின் கதை.

200 மீட்டர் தூரத்தில் அட்டை. மழைக்காலம். கையில் எம்.ஏ.எஸ். 36 ரைஃபிள். முதல் ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. அடுத்த ஐந்து கொஞ்சம் மேலே ஏறின. அதற்கடுத்த ஐந்து இன்னும் மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கின. கடைசி ஐந்து அட்டையின் ஓரத்துக்கே போய்விட்டன. தேர்வு நடத்திய அதிகாரி அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், லிவ்ரேயில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: 'மெதியோக்ர்'. சுமார் ரகம் என்று அர்த்தம். அதோடு குறிகாரருக்கான சின்னமும் போயிற்று, அதனால் கிடைத்திருக்க வேண்டிய பதவி உயர்வும் தள்ளிப் போயிற்று.

"குழாய் சுட்டுப்போச்சுடா. கட்டை ஈரம் குடிச்சு ஊதியிருந்துச்சு. சூட்டுல குழாய் நீளுது, கட்டை விட மாட்டேங்குது, நெம்பி மேல தூக்குது. நான் என்ன பண்ணட்டும்?" இதுதான் அவருடைய வாதம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் மெதுவாக, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பெரியப்பாவும் சிரித்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை என்பது எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

பையன் ஊருக்குப் போன பிறகு இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். பிரெஞ்சில் படிக்கத் தெரியும் என்பது இந்த வயதில் எனக்கு உள்ள ஒரு வசதி. படித்ததில் எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன்.

முதலில் வகுப்பறைக்குப் போவோம். பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பித்தளை உருண்டையும் வளையமும் நினைவிருக்கும். குளிர்ந்திருக்கும்போது உருண்டை வளையத்துக்குள் நுழைந்து வெளியே வரும். விளக்கில் காய்ச்சினால் நுழையாமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். 'திலத்தாசியோன்', அதாவது வெப்பத்தால் விரிவது. ஆசிரியர் அதைக் காட்டியபோது நாங்கள் கைதட்டினோம். பெரியப்பா சொன்னதும் இதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் பள்ளியில் இருந்தது, பெரியப்பா வீட்டில் இருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி அப்போது இல்லை.

60 செ.மீ. நீளமுள்ள ஓர் எஃகுக் குழல் 80 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீளும். ஒழுங்காக நீண்டால் கெடுதல் இல்லை, நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். ஒரு பக்கம் தடை இருந்தால்தான் வளைகிறது. குழலின் வாய் வெறும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலே 200 மீட்டரில் குண்டு மூன்று செ.மீ.க்கு மேல் தள்ளிப் போகும். கண்ணுக்கே தெரியாத சாய்வு அட்டையில் இரண்டு விரற்கடையாகத் தெரிகிறது.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். பழைய கரிமருந்துத் துப்பாக்கிகளில் புகையும் கரியும்தான் பெரிய தொல்லை. 1884-இல் போல் வியேய் என்ற ரசாயன அறிஞர் புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். 'பூத்ர் பே' என்று அதற்குப் பெயர். அதற்காகவே 1886-இல் பிரெஞ்சுப் படைக்கு லெபெல் ரைஃபிள் வந்தது. புகை இல்லை, வேகம் அதிகம், தூரமும் அதிகம். மற்ற நாடுகளும் பின்னாலேயே ஓடி வந்தன. இங்கிலாந்து 1889-இல் 'கார்டைட்' என்ற மருந்தைக் கொண்டு வந்தது. மெல்லிய கயிறு போல இருந்ததால் அந்தப் பெயர்.

நம்மில் பலர் குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் சிறு ரயிலில் போகும்போது அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்போம். அங்கே உள்ள தொழிற்சாலையின் பெயரே கார்டைட் ஃபாக்டரிதான். 1903-இல் தொடங்கியது. குளிருக்காகக் கம்பளி போர்த்திக்கொண்டு அந்தப் பெயர்ப் பலகையைப் படித்தபோது, அது என்ன மருந்து என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

புதிய மருந்தில் ஒரு குறை இருந்தது. எரியும்போது எழும் வாயு 2,000 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். ஒரு கணத்தின் மிகச் சிறு பங்கு நேரம்தான் என்றாலும் அந்தச் சூட்டில் குழலின் உள்தோல் வெந்துபோகிறது. குண்டு புறப்படும் இடத்தைத் 'தொண்டை' என்பார்கள். முதலில் வேவது அந்தத் தொண்டைதான். அங்கே மெல்லிய வெடிப்புகள் விழுந்து, காய்ந்த ஏரித்தரை போல ஆகி, பிறகு துகள் துகளாக அரித்துப் போகும். தொண்டை போனால் குழல் போயிற்று. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அரிப்பு தாங்காமல் 1901-இல் அதை 30 விழுக்காடாகக் குறைத்துப் புது வகை செய்தார்கள். அரிப்பு குறைந்தது, ஆனால் தீரவில்லை.

ஆகவே துப்பாக்கியின் சூடு இரண்டு வகை. ஒன்று அன்றைய சூடு. சுடச்சுட ஏறும், அரை மணி நேரத்தில் ஆறும், அது இருக்கும் வரை குறி நகரும். மற்றது ஆயுள் சூடு. ஒவ்வொரு தோட்டாவும் தொண்டையில் வைத்துவிட்டுப் போகும் தழும்பு. அது ஆறாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "எவர்சில்வர் சூட்டுக்கு அசையாது" என்ற பேச்சு கிளம்புகிறது.

எவர்சில்வர் பிறந்ததே இந்த இரண்டாவது சூட்டினால்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எவர்சில்வரின் உயிர் குரோமியம். அதைக் கண்டுபிடித்தவர் வோக்லேன் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர். 1797-இல் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புத் தாதுவிலிருந்து பிரித்தார். அதன் சேர்மங்கள் பல நிறத்தில் இருந்ததால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. 1821-இல் பெர்த்தியே என்ற சுரங்கப் பொறியாளர், குரோமியம் கலந்த இரும்பை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்று கவனித்தார். அதில் கத்தி செய்யலாமே என்றும் எழுதினார். ஆனால் அன்றைய உலையில் கரி அதிகமாகக் கலந்துவிடும், உலோகம் உடையக்கூடியதாக இருக்கும். யோசனை கிடப்பில் போயிற்று. 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெயோன் கியே என்பவர், இன்று எவர்சில்வர் என்று சொல்லத்தக்க கலவைகளையே செய்து, அவற்றின் கட்டமைப்பை எல்லாம் அழகாக எழுதிவைத்தார். அவை துருப்பிடிப்பதில்லை என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார். கோப்பு முழுதும் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக் குறிப்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட மாதிரி. முப்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வருகிறது.

அதைக் கவனித்தவர் ஆங்கிலேயரான ஹாரி பிரியர்லி. 1871-இல் ஷெஃபீல்டில் ஓர் ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, எஃகுத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவும் பையனாகச் சேர்ந்தார். தானே படித்து முன்னேறி, ஷெஃபீல்டின் பிரௌன் ஃபர்த் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். 1912-இல் ஒரு சிறு துப்பாக்கித் தயாரிப்பாளர் கொண்டுவந்த கேள்வி: ரைஃபிள் குழல்கள் உள்ளே அரித்துப் போகின்றன, என்ன செய்யலாம்? குரோமியம் கலந்தால் உருகும் வெப்பம் உயரும், அரிப்பு குறையலாம் என்று பிரியர்லி நினைத்தார். 1913 ஆகஸ்ட் 13-ஆம் தேதி மின் உலையில் வார்த்த ஒரு கலவையில் குரோமியம் 12.8 விழுக்காடு, கரி 0.24 விழுக்காடு.

எஃகின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அதை மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் தடவி, மேற்பரப்பைக் கொஞ்சம் அரிக்கவிட்டு உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். இந்த எஃகை அமிலம் அரிக்கவில்லை. வேறொருவராக இருந்தால் அமிலம் பழசு என்று புட்டியைக் கொட்டியிருப்பார். புட்டி கழுவி வளர்ந்த பிரியர்லி கொட்டவில்லை. எலுமிச்சைச் சாற்றிலும் காடியிலும் வைத்துப் பார்த்தார். கறையே இல்லை. துப்பாக்கியை மறந்து, சாப்பாட்டு மேசைக் கத்தியை நினைத்தார். 92 வருடத்துக்கு முன் பெர்த்தியே நினைத்த அதே கத்தி. முதலில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த எஃகைப் பதப்படுத்தத் தெரியவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். அதே ஊர்க் கத்தித் தொழில்காரர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் பக்குவம் கண்டுபிடித்து, கறைபடாதது என்று பொருள்படும் 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரையும் வைத்தார்.

முதல் உலகப் போர் வந்ததும் கத்தி செய்வதை நிறுத்தி, இந்த எஃகை விமான எஞ்சின்களின் புகைபோக்கி வால்வுகளுக்குத் திருப்பினார்கள். பழுக்கக் காய்ந்தாலும் தாங்கியது. ஆனால் எந்தத் துப்பாக்கிக் குழலுக்காகத் தேடினார்களோ அந்தக் குழலுக்கு மட்டும் அது போகவில்லை. அந்தப் போர் முழுதும் சாதாரண எஃகுக் குழல்களாலேயே நடந்தது. பிரெஞ்சுப் படையின் ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கியில் குழலைச் சுற்றிப் பெரிய வளையங்களை மாட்டிக் காற்றில் சூட்டை ஆற்றினார்கள். ஆங்கிலேயர் விக்கர்ஸ் துப்பாக்கியைத் தண்ணீர் உறைக்குள் வைத்தார்கள். ஷோஷா என்ற இலேசான பிரெஞ்சுத் துப்பாக்கி சூடேறினால் குழல் விரிந்து உறைக்குள்ளேயே சிக்கி நின்றுவிடும், ஆறும் வரை காத்திருக்க வேண்டும். நம் ஊர் நினைவுச் சின்னத்தில் பெயர் உள்ளவர்கள் போன போர் அதுதான்.

அதன் பிறகும் படைகள் முழு எவர்சில்வர் குழலைப் பெரிதாக ஏற்கவில்லை. விலை அதிகம், வேறு வழியும் கிடைத்தது. சாதாரண எஃகுக் குழலின் உட்புறத்தில் குரோமியத்தை மெல்லிய பூச்சாக ஏற்றினார்கள். 1939-இல் வந்த ஜப்பானிய ரைஃபிளில் அந்தப் பூச்சு இருந்தது. ரஷ்யாவின் கலாஷ்னிகோவிலும் உண்டு. நூறு தடவை, ஆயிரம் தடவை சுடும் சிப்பாய்க்கு அது போதும். பூச்சு எங்கும் ஒரே கனமாக விழுவது கடினம் என்பதால் மயிரிழைக் குறி வேண்டுபவருக்கு அது போதாது.

அந்த மயிரிழை ஆசாமிகள் அமெரிக்காவில் கிளம்பினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், மேசைமேல் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துவைத்து, ஐந்து குண்டும் ஒரே துளையில் போக வேண்டும் என்று போட்டி போடுவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கினார்கள். ரெமிங்டன் கம்பெனியில் மைக் வாக்கர் என்ற பொறியாளர் 1940-களில் புதிய முறை ஒன்றை வளர்த்தார். குழலின் உட்புறச் சுருள் வரிகளை ஒவ்வொன்றாகச் செதுக்காமல், மிகக் கடினமான ஒரு குமிழை ஒரே இழுப்பில் உள்ளே செலுத்தி வரிகளை அமுக்கி எடுப்பது. இந்த வேலைக்கு ஒத்துப்போகும் எஃகாக, தொண்டை அரிப்பையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் எஃகாக, எவர்சில்வர் அமைந்தது. பிரியர்லி தேடியது நாற்பது வருடம் கழித்துத்தான் குழலுக்குள் வந்து சேர்ந்தது, அதுவும் விளையாட்டுத் துப்பாக்கியில்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். பையன் தட்டிக் காட்டிய டம்ளரும் குழலும் ஒன்றல்ல. ஒரு காந்தத்தை எடுத்துச் சமையலறையில் ஒட்டிப் பாருங்கள். நல்ல டம்ளரில் பெரும்பாலும் ஒட்டாது, காய் நறுக்கும் கத்தியில் ஒட்டும். நல்ல டம்ளரில் குரோமியத்தோடு நிக்கலும் உண்டு. அது ஜெர்மனியில் குரூப் கம்பெனி 1912-இல் காப்புரிமை பெற்ற வம்சம். கத்தி பிரியர்லியின் வம்சம். ரைஃபிள் குழலும் கத்தியின் பங்காளிதான், கடைவதற்கு எளிதாக இருக்கக் கொஞ்சம் கந்தகம் சேர்த்திருப்பார்கள். டம்ளர் எஃகு சூட்டில் மிகவும் விரியும், குழலுக்கு ஆகாது.

சரி, எவர்சில்வர் குழல் சூட்டில் அசையாதா? கணக்கைப் பார்த்தேன். வழக்கமான குழல் எஃகு 60 செ.மீ.க்கும் 80 டிகிரிக்கும் சுமார் 0.6 மி.மீ. நீளுகிறது. குழலுக்கு உரிய எவர்சில்வர் சுமார் 0.5 மி.மீ. நீளுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான். மறுபக்கம், எவர்சில்வர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வீட்டில் பெண்களுக்கு இது எல்லாப் பொறியாளருக்கும் முன்பே தெரியும். எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிபிடிக்கும், அதனால்தானே செம்பு அடி வைத்த பாத்திரம் வாங்குகிறோம். ஆக, உலோகத்தால் மட்டும் ஆதாயம் அதிகமில்லை.

பிறகு எதனால் நல்ல போட்டிக் குழல் சூட்டிலும் குறி காக்கிறது? மூன்று காரணங்கள்.

முதலாவது, குழலின் மனதில் பழைய கோபம் இருக்கக் கூடாது. என் வார்த்தை இது, பொறியாளர்கள் உள்ளிறுக்கம் என்பார்கள். எஃகை உருட்டும்போதும் துளைக்கும்போதும் வரி அமுக்கும்போதும் அதற்குள் இறுக்கம் தங்கிவிடும். முன்காலத்துப் படைத் தொழிற்சாலைகளில் துளைத்த குழல் கோணியிருந்தால், அனுபவமுள்ள ஆள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே விழும் நிழல் கோடுகளைப் பார்த்து, எங்கே கோணல் என்று கண்டு, தட்டி நிமிர்த்துவார். என்ன கண் பாருங்கள் அவர்களுக்கு! ஆனால் அப்படி அடித்து நிமிர்த்திய குழல் சூடேறினால் பழைய கோணலை நினைத்துக்கொள்ளும். போட்டிக் குழலை அடித்து நிமிர்த்த மாட்டார்கள். உலையில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு இறுக்கத்தைப் போக்குவார்கள்.

இரண்டாவது, துளை நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிவாகவும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி சூடாகாது, குழல் வளையும். கனமான குழல் என்றால் இன்னும் நல்லது, சூடேற நேரமாகும்.

மூன்றாவது, குழல் மரத்தைத் தொடக் கூடாது. இன்றைய போட்டி ரைஃபிள்களில் குழல் பின்பக்கம் மட்டும் பிடிபட்டிருக்கும், முன்பக்கம் சும்மா மிதந்துகொண்டிருக்கும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு ரூபாய்த் தாளை நுழைத்துத் தடங்கலில்லாமல் இழுத்துக்கொண்டு போக முடிந்தால் சரி.

இந்த மூன்றும் இருந்தால் சாதாரண எஃகும் குறி காக்கும். மூன்றும் இல்லாவிட்டால் எவர்சில்வரும் நகரும். எவர்சில்வர் குழலைச் செய்பவர்கள் விலை உயர்ந்த குழலாக, பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். பெயர் உலோகத்துக்குப் போகிறது. புகழ வேண்டியது கைவேலையை. எவர்சில்வருக்கென்று உள்ள உண்மையான புகழ், தொண்டை கொஞ்சம் அதிக நாள் தாங்கும் என்பதும், கடற்காற்றில் துரு எளிதில் ஏறாது என்பதும்தான். அதுவும் எளிதில் ஏறாது, அவ்வளவே. கடற்கரையோரம் குடியிருக்கும் நமக்கு எவர்சில்வர் கைப்பிடிகள் எப்படிப் பழுப்புப் புள்ளி வைக்கும் என்று தெரியாதா?

மூன்றாவது காரணத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பெரியப்பாவின் எம்.ஏ.எஸ். 36-இல் குழலுக்குக் கீழும் மேலும் மரம். இரும்பு வளையங்களால் இறுக்கியிருக்கும். கையைச் சுடாமல் இருக்கவும், சேற்றிலும் அடியிலும் குழல் கெடாமல் இருக்கவும் அப்படிச் செய்தார்கள். போர்க்களத்துக்கு அது சரி. ஆனால் மழையில் மரம் ஊதும், சூட்டில் குழல் நீளும், ஒன்று மற்றதை நெம்பும். குண்டுகள் சிதறாமல் ஐந்து ஐந்தாக ஒரே திசையில் வரிசையாக நகர்ந்தால் அது கை நடுக்கத்தின் அடையாளம் அல்ல. நடுங்கும் கை நாலாபக்கமும் சிதறடிக்கும். வரிசையாக ஏறுவது சூடேறிய குழலின் கையெழுத்து. பெரியப்பா சொன்னது அதைத்தான். "கட்டை நெம்புது." அவருக்குப் பாடமும் தெரியாது, வளையமும் உருண்டையும் தெரியாது. கையில் பிடித்திருந்த பொருளைத் தெரியும்.

அதிகாரிக்கும் தெரிந்திருக்கலாம். அவர் வேண்டுமென்றே எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் நிறையப் பேர் நின்றிருப்பார்கள், மழை வேறு. அட்டையைப் பார்த்தார், ஒரு சொல்லை எழுதினார். எனக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். நானும் அதைச் செய்தவன்தான்.

பணியில் இருந்த காலத்தில் ஒரு தட்டச்சர் மீது புகார் வந்தது. அவர் அடிக்கும் கடிதங்களில் வரிகள் மெல்ல மெல்ல மேலேறிக் கோணலாக இருந்தன. "சார், மிஷின்ல ரோலர் கெட்டியாயிடுச்சு, தாள் நழுவுது" என்றார். நான் மிஷினைப் போய்ப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். ஒரு சொல்தான். இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் வந்து ரோலரை மாற்றினார், வரிகள் நேராயின. நான் எழுதிய சொல்லை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய ஊதிய உயர்வு தள்ளிப் போனது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை அவரைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். மரியாதையாக வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். பேச வேண்டியதைப் பேசவில்லை.

பையனுக்குப் பிரெஞ்சில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். எவர்சில்வர் குழல் வாங்கு, நல்லதுதான், ஆனால் மரத்தில் தொடாமல் இருக்கிறதா என்று முதலில் ரூபாய்த் தாள் விட்டுப் பார், உன்னிடம் இல்லாவிட்டால் ஐந்து யூரோத் தாள் விட்டுப் பார் என்றேன். கூடவே உன் கொள்ளுத் தாத்தாவின் லிவ்ரே உங்கள் வீட்டில்தான் எங்கேயோ இருக்கும், தேடிப் பார் என்றும் கேட்டிருந்தேன். போன வாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். மை பழுத்திருக்கிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது: 'மெதியோக்ர்'.

அச்செடுத்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு இன்னொருவருடைய பதிவேட்டில் திருத்தம் போட அதிகாரம் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பெரியப்பா, கூடம் கோணல்தான். சிரித்தவர்களில் நானும் ஒருவன். மன்னிக்கவும்.

அந்தத் தட்டச்சர் இன்னும் முத்தியால்பேட்டைப் பக்கம்தான் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.